காலி வீதியின் அந்தப் பக்கம்

விடிந்தும் விடியாத நேரத்தில் பொலிசார் வெள்ளவத்தை லொட்ஜின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் மாடியில் சின்னராசா கதவைத் திறந்தபோது அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டினார். சின்னராசா அடையாள அட்டையைக் கொடுத்தார்.

"வவுனியாவ," என்று அதிகாரி சிங்கள உச்சரிப்பில் வாசித்தார். பிறகு சிங்களத்திலேயே, "ஊருக்குப் போகவேண்டும். அரை மணித்தியாலம். ஆளுக்கு ஒரு பை," என்றார்.

சின்னராசாவின் சிங்களம் அதிகாரியின் சிங்களத்தைவிடச் சுத்தமானது. இருபத்துமூன்று வருடமாகக் கொழும்பில் இருப்பதாகவும் நாளை மாலை தனக்குக் கச்சேரி இருப்பதாகவும் சொல்லி, மேசையில் கிடந்த விளம்பரத்தாளை எடுத்துக் காட்டினார். அதில் 'ஒரே தாளம்' என்று மூன்று மொழிகளிலும் அச்சடித்திருந்தது. கீழே இரண்டு படங்கள். ஒன்றில் தோளில் தப்பு மேளத்துடன் சின்னராசா. மற்றதில் டிரம் செற்றுக்குப் பின்னால் அவருடைய கூட்டாளி, தமிழும் சரளமாகப் பேசும் வத்தளைச் சிங்களவர் கிளறன்ஸ் பெர்னாண்டோ.

அதிகாரி படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நல்ல படம்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இருபத்தைந்து நிமிஷம் இருக்கு."

அது 2007 ஜூன் மாதம். வடக்கு கிழக்கு விலாச அட்டைக்காரர்கள் தக்க காரணம் இல்லாமல் கொழும்பு லொட்ஜுகளில் தங்கக்கூடாது என்று சொல்லி, அன்று நகரமெங்கும் பஸ்களில் ஏற்றினார்கள்.

சின்னராசாவுக்கு வவுனியா சொந்த ஊரே அல்ல. பிறந்தது பொகவந்தலாவைத் தோட்டத்து லயத்தில். எழுபத்தேழுக் கலவரத்தில் லயத்தை எரித்தபோது குடும்பம் வவுனியாவுக்கு ஓடியது. அவருக்கு அப்போது பதினான்கு வயது. அங்கே காடு வெட்டிப் போட்ட குடிசையின் விலாசம்தான் அட்டையில் ஏறியது. குடிசையும் போய், பெற்றோரும் போய்விட்டார்கள். கொழும்பில் வாடகைக்கு அறை கொடுத்த ஒருவரும் விலாசம் மாற்றுவதற்குக் கடிதம் கொடுக்கவில்லை. ஆகவே அட்டையில் அது அப்படியே நின்றுவிட்டது.

மருதானையில் மூட்டை தூக்க வந்தவர் கொட்டாஞ்சேனை மாதா கோயில் திருநாளில் தப்பு அடிக்கப் போன இடத்தில் கிளறன்ஸைச் சந்தித்தார். அன்று பாண்ட் குழுவில் கொங்கோ வாசிக்க ஆள் வரவில்லை. "தப்பு அடிக்கிற கை இதையும் அடிக்கும்தானே," என்று கிளறன்ஸ் இழுத்து உட்கார வைத்தார். அதிலிருந்து இருவரும் பிரியவில்லை. பைலாப் பாட்டுக் குழுக்கள், சிங்கள மேடை நாடகங்கள், ஹோட்டல்கள் என்று அலைந்தார்கள். களனிப் பக்கம் விகாரை மேளக்காரர்களோடு இரண்டு வருடம் சுற்றி 'கெட்ட பெர' என்ற சிங்கள மேளம் பழகினார் சின்னராசா. தபேலாவைத் தானாகவே பிடித்துக்கொண்டார். பிறகு ஜெர்மனிக்கு இரண்டு முறை, ஜப்பானுக்கு ஒரு முறை. எங்கே போனாலும் கச்சேரியின் உச்சம் கடைசிப் பதினொரு நிமிடம்தான். அதற்கு ஒத்திகை கிடையாது. ஒருவர் மேளத்தில் கேள்வி போடுவார், மற்றவர் அந்த இடத்திலேயே பதில் போடுவார். பதிலுக்குள்ளிருந்து அடுத்த கேள்வி பிறக்கும். இந்த நாட்டில் தன்னால் ஒரு மனிதனோடு முழுவதாகப் பேச முடிகிற நேரம் அதுதான் என்று சின்னராசா நினைத்திருந்தார்.

அவர் கைத்தொலைபேசியில் கிளறன்ஸை அழைத்தார்.

"மச்சான், என்னைய ஏத்துறாங்கடா. வவுனியாவுக்காம்."

"அங்க உனக்கு ஆர் இருக்கு?"

"ஒருத்தரும் இல்ல."

"நில்லு, நான் வாறன். கச்சேரிக் கடிதத்தையும் கொண்டு வாறன். மோட்டார் சைக்கிள்ல அரை மணித்தியாலம். நான் கதைக்கிறன் அவங்களோட."

லொட்ஜ் மனேஜர் மர்ஸூக் படிக்கட்டில் நின்று ஒவ்வொருவர் பையையும் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "மாஸ்டர், மேளத்த எல்லாம் விட்டுட்டுப் போங்க. அறைய பூட்டி சாவிய நானே வெச்சிக்கொள்றன்," என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

பஸ் காலி வீதியோரத்தில் நின்றது. சின்னராசா வீதிப் பக்க ஜன்னலருகே இடம் பிடித்தார். கிளறன்ஸ் வந்தால் தெரியவேண்டும். முக்கால் மணித்தியாலம் ஆகியும் பஸ் எடுக்கவில்லை. இடையில் ஒரு மனிதர் கடிதங்களோடு ஓடிவந்து தன் மைத்துனனை விடும்படி கெஞ்சினார். பொலிசார் அவருடைய அட்டையையும் வாங்கிப் பார்த்து, அவரையும் ஏற்றினார்கள். பக்கத்தில் நின்ற கொன்ஸ்டபிள் ஒரு கொப்பியில், கேட்டு வந்தவர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சின்னராசா கண்டார். வீதியின் அந்தப் பக்கம், பூட்டியிருந்த புடவைக் கடை வாசலில், ஹெல்மெற்றைக் கையில் பிடித்தபடி கிளறன்ஸ் நின்றார். மற்றக் கையில் கடித உறை.

சின்னராசா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். கிளறன்ஸ் பார்த்தார். ஒரு அடி இறங்கி வீதியில் கால் வைத்தார். கொப்பியோடு நின்ற கொன்ஸ்டபிளைப் பார்த்தார். மறுபடி நடைபாதையில் ஏறிக்கொண்டார். வாகனங்கள் அவ்வளவாக இல்லை. கடக்க நினைத்தால் பத்து எட்டு வைத்தால் போதும்.

பஸ் புறப்பட்டது. கிளறன்ஸ் அங்கேயே நின்றார்.

அடுத்த இருக்கையில் பேச்சியம்மா என்ற பெண் ஆறு வயது மகளோடு இருந்தாள். பொரளையில் பிள்ளைக்குக் கண் ஒப்பரேஷன், திங்கட்கிழமை திகதி கொடுத்திருந்தார்கள். கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் அதைச் சொன்னாள். பிள்ளை அழுது அழுது விக்கியது.

"அண்ணே, நீங்க டீவியில மேளம் அடிக்கிறவருதானே? புள்ளைக்கு ஏதாச்சும் தட்டிக் காட்டுங்களேன்."

முன் இருக்கையின் இரும்புக் கம்பியில் சின்னராசா விரல்களால் தட்டத் தொடங்கினார். முதலில் தப்பின் அடி. பிள்ளை பார்த்தது. தட்டிக்கொண்டே போகையில் கை தானாக மகுல் பெரவுக்கு மாறியது. சிங்களவர் மங்கல காரியங்களுக்கு முதலில் முழக்குகிற அடி அது. வாசலில் துப்பாக்கியோடு இருந்த இளம் பொலிஸ்காரன் திரும்பினான்.

"மகுல் பெர நேத, அய்யே?" என்றான், மகுல் பெரதானே அண்ணா என்று. முகமெல்லாம் சிரிப்பு. தன் மாமா குருநாகல் பக்கம் பெரிய மேளக்காரர் என்றான். எங்கே பழகினீர்கள் என்று கேட்டான். களனியில் என்றார் சின்னராசா. இன்னும் வாசிக்கச் சொல்லித் தன் முழங்காலில் தாளம் போட்டான். ஒரு அடியும் பிசகவில்லை. நல்ல காது அவனுக்கு.

சின்னராசா வாசித்தார். பேச்சியம்மா அவனுடைய சிரிப்பைப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு கிளினிக் கொப்பியை நீட்டினாள். "தம்பி, திங்கக்கெழம மட்டும்... அதுக்குப் பொறவு நாங்களே போயிருவோம்."

சின்னராசா அதைச் சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரன் கொப்பியைப் புரட்டிப் பார்த்துப் பக்குவமாகத் திருப்பிக் கொடுத்தான். "இறக்கிவிட எனக்கு ஓடர் இல்லை, அய்யே," என்றான். பிறகு, "ஏன் நிற்பாட்டினீர்கள்? வாசியுங்கள்," என்றான்.

சின்னராசா கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வவுனியா வரைக்கும் எடுக்கவில்லை.

வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். மறுநாள் நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. அதன் பிறகு திரும்ப விரும்பியவர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மர்ஸூக் மேளங்களைத் துடைத்து வைத்திருந்தார். ஆனால் முகத்தைப் பார்க்காமல், "முதலாளி வவுனியா அட்டை வேணாம் எண்டுட்டார், மாஸ்டர்," என்றார். கொட்டாஞ்சேனையில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் பின்னால் அறை கிடைத்தது.

கிளறன்ஸ் மூன்றாம் நாள் அங்கே வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நான் வந்தனான், மச்சான்."

"பார்த்தேன்."

"அந்தாளையும் ஏத்தினாங்கதானே, கடிதம் கொண்டு வந்த ஆள."

"ஒன்னைய ஏத்தமாட்டாங்க. ஒன் அட்டையில சிங்களப் பேரு."

"ஏத்தமாட்டாங்க. எழுதுவாங்க." கிளறன்ஸ் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இப்ப பேர் எழுதினா பிறகு வீட்டுக்கு வெள்ளை வேன் வந்து ஆளைத் தூக்கும் எண்டு உனக்குத் தெரியும். என்ட பிள்ளைகள் ரெண்டும் பள்ளிக்கூட வேன்ல போகுதுகள்."

சின்னராசா முக்காலியை நகர்த்தி உட்காரச் சொன்னார். கச்சேரி என்ன ஆனது என்று கேட்டார்.

கிளறன்ஸ் தயங்கினார். கச்சேரி நடந்திருந்தது. தவிர்க்க முடியாத காரணத்தால் சின்னராசா வரவில்லை என்று அறிவித்து, முந்தின வாரம் விளம்பரத்துக்காகப் பதிவு செய்த அவருடைய வாசிப்பை ஒலிபெருக்கியில் போட்டார்கள். கிளறன்ஸ் அதற்கு எதிரே வாசித்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

"நல்லா வந்துச்சா?" என்று சின்னராசா கேட்டார்.

"ஓம்," என்றார் கிளறன்ஸ். தலை குனிந்துகொண்டார்.

நடத்திய நிறுவனம் ஓகஸ்டில் மறுபடி ஏற்பாடு செய்தது. இந்த முறை இருவரும் நேரில் என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். சின்னராசா மறுக்கவில்லை. அவருக்கு ஆத்திரம் இருந்தது, ஆனால் கிளறன்ஸின் இடத்தில் தான் நின்றிருந்தால் கடந்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தால் அதற்கும் உறுதியில்லை. மேடையில் ஏறினால் சரியாகிவிடும் என்று இருவரும் நினைத்தார்கள்.

கடைசிப் பதினொரு நிமிடம் வந்தது. கிளறன்ஸ் ஸ்னெயர் டிரம்மில் சின்னதாக ஒரு கேள்வி போட்டார். சின்னராசா தப்பில் தாளத்தை மட்டும் வைத்தார். கிளறன்ஸ் மறுபடி கேட்டார், கொஞ்சம் பலமாக. தாளம் மட்டும். பழைய ஜெர்மனிக் கச்சேரியில் இருவரையும் சிரிக்க வைத்த அடியைப் போட்டார். கெஞ்சுவது போல மெல்லியதாகப் போட்டார். சிம்பலை உடைப்பது போல அறைந்தார். தாளம் இம்மியும் ஆடாமல் போய்க்கொண்டே இருந்தது. கிளறன்ஸின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சபைக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்தாள்.

உடைமாற்றும் அறையில் கிளறன்ஸ் கதவைச் சாத்தினார்.

"நீ பதில் சொல்லேல்ல."

"சொல்லாம விடலடா." சின்னராசா தன் கைகளைப் பார்த்தார். "தேடினேன். ஒவ்வொரு தடவையும் தேடினேன். ஒண்ணும் வரல, மச்சான்."

கிளறன்ஸ் சுவரோடு சாய்ந்து அழுதார். சின்னராசா அவர் தோளில் கை வைத்தார். அவருக்கு அழுகையும் வரவில்லை.

அடுத்த வருடம் கிளறன்ஸ் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போனார். எப்போதாவது தொலைபேசியில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார். மேளத்தைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை. சின்னராசா கொழும்புக் கோட்டையில் ஒரு ஹோட்டல் குழுவில் சேர்ந்தார். சாப்பிட வருபவர்களுக்காகக் கிழமையில் ஐந்து நாள் கொங்கோ வாசிக்கிறார். தாளம் தப்பாதவர் என்று குழுவில் நல்ல பெயர். பாட்டின் நடுவே தனியாக வாசிக்கும் இடம் வந்தால், கிற்றார்காரரைக் கையால் காட்டிவிட்டுத் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார்.