அடுத்தவர் முறைத் தண்ணீர்

கோவ்டேல் வாய்க்காலில் தண்ணீர் பேசத் தொடங்கியது, குதிரைமசால் தீவனத்தின் விலை படுத்துக்கொண்ட அந்தக் கோடையில்தான். அது சொன்ன முதல் சொல் ‘உப்பு’. தலைமடையில் நின்றவர் பதறிப்போய் ஒரு புட்டித் தண்ணீரை மாவட்ட வேளாண் அலுவலகத்துக்கு அனுப்பினார். தண்ணீரில் கோளாறு ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த முறை வந்தபோது தண்ணீர் இன்னும் மரியாதையாக, ‘ப்ளீஸ், கொஞ்சம் உப்பு’ என்றது. ஏதோ ஒரு பிள்ளை சாப்பாட்டு மேசையில் கேட்க முடியாமல் விழுங்கிய சொல் அது என்று ஊருக்கு அப்போதுதான் விளங்கியது. ஓடை வாய்க்காலாகப் பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே, மலையிடுக்கின் வாசலில் இருந்தது மேட்டுப் பள்ளி. தறிகெட்ட பிள்ளைகளைத் திருத்தித் தருகிறோம் என்று சொன்ன இடம். கலிபோர்னியாவிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் வந்து இறங்கிய பிள்ளைகள் அங்கே முதல் பருவம் முழுக்க வாய் திறக்கக் கூடாது. ஓடிவிடுவார்கள் என்று செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடக் கை தூக்கி அனுமதி வாங்க வேண்டும். பேசவிடாத பேச்சு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? பாத்திரம் கழுவுகிற தொட்டி வழியாக ஓடையில் இறங்கி வாய்க்காலோடு வந்துவிட்டது. ஊர் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசியது. அப்புறம் வெட்டுக்கிளி வந்தது, ஊர் வெட்டுக்கிளியைப் பற்றிப் பேசப் போய்விட்டது.

யூட்டாவில் எங்கள் பள்ளத்தாக்கு வறண்ட பூமி. அதனால் தண்ணீருக்கு முறை உண்டு, அந்த முறைக்கு ஒரு கூச்சமும் உண்டு. ஒருவர் முறையில் ஓடுகிற தண்ணீர் அவருடையது. மற்றவர் அதில் ஒரு வாளி மொள்ள மாட்டார், கை நனைக்க மாட்டார், கரையில் நின்று வேடிக்கைகூடப் பார்க்க மாட்டார். முன்னொரு காலத்தில் ஒரு மடைக்காக மண்வெட்டியால் மண்டை உடைந்த கதைகள் இங்கே ஏராளம்; அந்த ரத்தத்துக்குப் பிறகு வந்த நாகரிகம் இது. தண்ணீர் பேசத் தொடங்கியதும் பேச்சுக்கும் அதே சட்டம்தான் என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். அவரவர் முறையில் வருகிற பேச்சு அவரவருக்கு. அடுத்தவர் முறையில் வந்ததைக் கேட்கக் கூடாது, தன் முறையில் வந்ததை வெளியே சொல்லக் கூடாது. என்ன நாகரிகமோ போங்கள்! ஒரு பள்ளத்தாக்கே பிள்ளைகளின் அழுகையைத் தீவனத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு, காதும் காதும் வைத்ததுபோல் இருந்தது.

மார்வா டோல்மனின் நிலம் வாய்க்காலின் நடுவில் இருந்தது. அவள் கணவன் ராய், டிராக்டர் கவிழ்ந்து செத்தான். அன்றைக்கு அவனுக்குத் தண்ணீர்க் குடுவை கொண்டுபோன மகள் பிரிட்டாதான் முதலில் பார்த்தவள். அதன்பிறகு அந்தப் பெண் தூங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சுற்றினாள், பீர் குடித்தாள், தலைமுடியை ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியால் வெட்டிக்கொண்டாள், ஒருநாள் அப்பாவின் லாரியை எடுத்துக்கொண்டுபோய் வாய்க்காலில் இறக்கினாள். இவளும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று மார்வா பயந்துபோனாள். அந்த நேரம் பார்த்து மேட்டுப் பள்ளியின் தலைவர் லாமர் பிக்ஸ்பி வந்தார். தேவாலயச் சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர், குரல் வெண்ணெய்போல இருக்கும், கையில் ஒரு ஜாடி பீச் பழ ஜாம். “சிஸ்டர், பொண்ணு உங்களுக்கு உசுரோட வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டார். வேண்டும் என்றாள் மார்வா. வேறு என்ன சொல்வாள்?

அழைத்துப் போக ஆட்கள் வந்தது காலைச் சாப்பாட்டு நேரத்தில். தட்டில் அப்பம் ஆவி பறக்கக் கிடந்தது. இரண்டு தடியன்கள், தோளுக்கு ஒருவனாக. தாய் எதிரில் நின்றால் பிள்ளை நாடகம் போடும், நீங்கள் பின்கட்டுக்குப் போய்விடுங்கள் என்று பிக்ஸ்பி முன்பே சொல்லியிருந்தார். மார்வா போனாள். பிரிட்டா கத்தியது சுவரைத் தாண்டி வந்தது. கேட்கக் கூடாது என்று மார்வா துணி துவைக்கும் தொட்டியின் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, வண்டிச் சத்தம் ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கத்தல் தண்ணீரோடு கலந்து தொட்டியின் ஓட்டை வழியாக இறங்கிப் போயிற்று.

பிள்ளையோடு தொலைபேசியில் பேச விட்டார்கள், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க. பிள்ளை என்ன குறை சொன்னாலும் அது தந்திரம், பதிலுக்கு இதை மட்டும் சொல்லுங்கள் என்று எல்லாப் பெற்றோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். “நீ இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கே. எனக்குப் பள்ளிமேல நம்பிக்கை இருக்கு” என்று மார்வா சொல்வாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். அப்புறம் அதுவும் குறைந்துகொண்டே வந்தது. தன் முறையில் மடை திறக்கும்போது மார்வா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு பையன் செருப்பு கேட்பான். ஒரு பெண் தன் நாயின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவாள். யாரோ ஒருவன், ‘மேல ஏறி உக்காராதீங்க, மூச்சு முட்டுது’ என்பான். பிரிட்டாவின் குரல் மட்டும் வராது. அப்படியானால் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று மார்வா நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். மற்றப் பிள்ளைகளின் பேச்சை வயலில் பாயவிட்டு, பாவம், அவர்கள் அம்மாக்கள் அவரவர் முறையில் கேட்டுக்கொள்வார்கள் என்று வீட்டுக்குப் போய்விடுவாள். டெக்சஸில் இருக்கிறவளுக்கு கோவ்டேல் வாய்க்காலில் முறை ஏது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் அறுப்பு முடிந்த சமயம் கீழ்வயல்காரர் டெல்மர் யார்ட்லி வந்து வேலியோரம் நின்றார். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர், தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். முழங்கால் வலியாம், நகரத்து ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறாராம். உடம்பு முடியாதவரின் முறையை அண்டை வயல்காரர் பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

“வியாழக்கிழமை மத்தியானம் என் மடையத் திறந்து விடணும், மார்வா.”

“அதுக்கென்ன, நம்ம வேலையாள் ஸ்டீவை அனுப்பறேன். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க.”

“ஸ்டீவ் கீவ்னு யாரும் வேண்டாம். நீயே போ.”

“எனக்கு அன்னைக்குத் தீவனக் கட்டு அடுக்கற வேலை இருக்கு டெல்மர். மடை திறக்கறது என்ன பெரிய வித்தையா?”

“ஏம்மா, ஒரு தடவை சொன்னாக் கேக்க மாட்டியா? நீயே போகணும். போயி, தண்ணி கடைசி வரப்புக்கு எட்டற வரைக்கும் அங்கேயே நிக்கணும். இதுக்கு மேல என்னச் சொல்ல வைக்காத!” என்றார் டெல்மர். கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது. சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போனார். அந்த முழங்காலில் என்ன கோளாறு என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மார்வா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு போய் டெல்மரின் மடைப்பலகையைத் தூக்கினாள். வியாழக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுகிற வேலை பிரிட்டாவுக்கு. டெல்மரின் முறையும் அதே நேரம். கோடை முழுக்க அவள் பேசியதெல்லாம் அந்த மனிதரின் வயலுக்கே போயிருந்தது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து மார்வாவின் காலைச் சுற்றியது. “அம்மா, கால் மரத்துப் போச்சும்மா” என்றது. அது பிரிட்டாதான், அந்த லேசான மூக்கடைப்போடு. “இன்னைக்கு எல்லாரும் என்னைச் சுத்தி உக்காந்தாங்கம்மா. அப்பாவைக் கொன்னது நான்தான்னு சொல்லச் சொன்னாங்க. தண்ணி கொண்டு போய்க் கூப்பிட்டதாலதான் அப்பா திரும்பிப் பார்த்தாரு, டிராக்டர் கவுந்துச்சுன்னு. சொல்லாம எந்திரிக்க விட மாட்டோம்னாங்க. சொல்லிட்டேன். அப்புறம் எல்லாரும் கை தட்டினாங்க. அம்மா, அது நெஜமா? நீயும் அப்படித்தான் நெனைக்கறியா? அதான் வர மாட்டேங்கறியா?” மார்வா வாய்க்காலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தண்ணீர் கடைசி வரப்புக்கு எட்டும்வரை நிற்கச் சொன்னாரே டெல்மர், அதைக்கூட அவள் செய்யவில்லை.

ஈர உடையோடு லாரியை மலைமேல் ஏற்றினாள். பிக்ஸ்பி வாசலுக்கே வந்துவிட்டார்.

“சிஸ்டர், இப்பத்தான் புள்ள வழிக்கு வந்திருக்கு. கெடுத்துராதீங்க. இப்பக் கூட்டிட்டுப் போனீங்கன்னா குளிர்காலம் தாண்ட மாட்டா. அவ சாவு உங்க தலையிலதான்.”

“ஒரு சாவை அவ தலையில வச்சாச்சு, இப்ப என் தலைக்கா? நல்லாத்தான் பங்கு போடறீங்க பிரதர். வழிய விடுங்க.”

“யாரு சொன்னா உங்களுக்கு? உள்ள நடக்கறது எதுவும் வெளிய வராதே!”

“தண்ணி வருதே” என்றாள் மார்வா. மண்வெட்டி கையில் இருந்தது; அதை அவள் ஓங்கவில்லை, ஆனால் கீழேயும் வைக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவரான பிக்ஸ்பிக்கு மண்வெட்டிக் கதைகள் தெரியும். விலகிக்கொண்டார்.

பிரிட்டா வெறுங்காலோடு வந்து லாரியில் ஏறினாள். பாதி வழியில் மெல்லக் கையைத் தூக்கினாள். என்னடி வேண்டும் என்று மார்வா கேட்டபோது, ஜன்னலைக் காட்டினாள். வெளியே பார்க்க அனுமதி கேட்கிறாள் பிள்ளை. மார்வா வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அந்தப் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். தண்ணீர் குடிக்கக் கை, எழுந்திருக்கக் கை, கழிவறைக்குப் போகக் கை. வாய் திறந்தால் சத்தம் வரவில்லை. இருந்த குரலெல்லாம் ஓடையில் போயிருந்தது, ஓடையிலிருந்து அது மெதுவாகத்தான் இறங்கியது. வியாழக்கிழமைகளில் டெல்மரின் வயலுக்கு இன்னும் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நன்றாக நடந்து திரும்பிய டெல்மர் கரையில் இரண்டு நாற்காலி போட்டுவைத்தார். “தண்ணி என்னுது, பேச்சு உங்களுது. உக்காருங்க” என்றார். அடுத்தவர் முறையில் கரையில் உட்கார்ந்த முதல் ஆட்கள் இந்த ஊரில் அவர்கள்தான். பிரிட்டாவின் பேச்சு முன்னால் ஓடும், பிரிட்டா பக்கத்தில் பேசாமல் இருப்பாள். நடந்ததையெல்லாம் மார்வா அப்படித்தான் தெரிந்துகொண்டாள். “அப்பா செத்தது உன்னால இல்லடி. உன்னை அனுப்பினதுதான் தப்பு, அது என் தப்பு” என்று ஒவ்வொரு வியாழனும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் பிரிட்டா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த இலையுதிர் காலத்தில் கோவ்டேல் பெண்கள் வழக்கம்போலப் பழம் பதப்படுத்தக் கண்ணாடி ஜாடிகளைக் கழுவி வைத்தபோது, மார்வா தன் ஜாடிகளில் பீச் போடவில்லை. தன் முறையில் தண்ணீரைப் பிடித்தாள், குரலுக்கு ஒரு ஜாடி. மூடி இறுக்கி, பையன்களும் பெண்களும் சொன்ன ஊர்ப்பெயர்களை வைத்து விசாரித்து விசாரித்து, அவரவர் அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினாள். முதலில் சிலர் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “எங்களுக்குப் பள்ளிமேல நம்பிக்கை இருக்கு” என்று கத்தினார்கள். மூடியைத் திறந்தீர்களா என்று மட்டும் கேட்பாள் மார்வா. ஊர்க்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள்; பிறகு டெல்மர் தன் ஜாடியோடு வந்து நின்றார், அப்புறம் தலைமடைக்காரர், அப்புறம் ஒவ்வொருவராக. பனி விழுமுன்பே வேற்று மாநிலக் கார்கள் மலைமேல் ஏறி, பின்னிருக்கையில் வெறுங்கால் பிள்ளைகளோடு இறங்கின. மேட்டுப் பள்ளி காலியானது. பிக்ஸ்பி எங்கோ பாலைவனப் பக்கம் போய் வேறு பெயரில் ஒன்று திறந்திருக்கிறார் என்று கேள்வி. அங்கே வாய்க்கால் கிடையாதாம்; விவரமான ஆள். இப்போது எங்கள் வாய்க்காலின் விதி இதுதான்: யார் முறையில் என்ன வந்தாலும், கேட்டவர் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

வருஷங்கள் போயின. பிரிட்டா வளர்ந்தாள், கட்டு அடுக்கினாள், கன்றுகளுக்குப் புட்டிப்பால் கொடுத்தாள், கை தூக்கிக் கேட்பது குறைந்ததே தவிர நிற்கவில்லை. பேச்சும் வரவில்லை. டெல்மர் முறையில் அவள் குரல் தீர்ந்துபோய் வெறும் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அவ்வளவுதான், இனி வராது என்று மார்வா நினைத்தாள். ஆனால் தொட்டியின் ஓட்டையில் போன தண்ணீர் எங்கெங்கோ சுற்றிவிட்டு மலையில் பனியாக விழுந்து உருகி வர நாளாகும். ஒரு வசந்தத்தில், மார்வாவின் சொந்த முறையில், பிரிட்டாவை அழைத்துப் போன காலையில் இறங்கிப் போன கத்தல் திரும்பி வந்தது. “அம்மா! அம்மா, வேண்டாம்னு சொல்லும்மா இவங்ககிட்ட!”

மார்வா முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். இந்தத் தடவை அவள் எதையும் திறக்கவில்லை, எங்கேயும் போகவில்லை. “வேண்டாம்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். “விடுங்கடா அவளை! கையை எடுங்கடா! எம் பொண்ணு எங்கேயும் வர மாட்டா!” டெல்மரின் மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. தண்ணீர் சற்று நேரம் அப்படியே நின்றது, அலைகூட இல்லை. பிறகு, நிறைந்த வாய்க்கால் வேறென்ன செய்யும், கரை மீறிச் சாலைப் பக்கம் சரிந்தது.

வரப்பில் மண்வெட்டியோடு நின்ற பிரிட்டா, கையைத் தூக்காமலே பேசினாள்.

“அம்மா, தண்ணி ரோட்டுக்குப் போகுது பாரு. மடைய மூடு.”

மார்வா மடையை மூடினாள். இருவரும் சாப்பிடப் போனார்கள்.