நான்கு விரற்கடை

செடி நர்சரியில் இலைநோய் பார்ப்பவளின் மகளுக்கு, அலுவலக வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள், இடது சுண்டுவிரலில் ரோஜாச் செடிக்கு வரும் கரும்புள்ளி வந்தது. பொட்டளவு கறுப்பு, சிதறிய விளிம்பு, சுற்றிலும் மஞ்சள் வளையம். தாய் அதைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடங்களாக ஊர்த் தோட்டங்களின் இலைகளை அவள் அப்படித்தான் பார்த்துவந்தாள். வெயில் சுட்டதா, பூச்சி அரித்ததா, பூஞ்சையா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். இது பூஞ்சை. டாக்டரும் மறுக்கவில்லை. "இது உங்க லைன்ம்மா, நான் களிம்பு கொடுத்தா ஏமாத்துற மாதிரி ஆயிடும்" என்று அனுப்பிவிட்டார்.

எப்படி வந்தது என்பதும் தாய்க்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது கதவிடுக்கில் மகளின் நகம் பிளந்துவிட்டது. நகவெட்டி அகப்படவில்லை. பஸ் போய்விடும் என்று மகள் குதித்தாள். தாய் வேலைப் பையிலிருந்த கவாத்துக் கத்தரியை எடுத்து நறுக்கிவிட்டாள். முந்தின மாலை அதே கத்தரியால் ஒரு பல்மருத்துவரின் வீட்டு ரோஜாவில் நோய்ப்பட்ட கிளைகளைக் கழித்திருந்தாள். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவள் அவள். மகளை அடுத்த செடியாக அவள் நினைத்திருக்கவில்லை.

நோய்ப்பட்ட கிளையைப் புள்ளி தெரியும் இடத்தில் வெட்டினால் போதாது. நான்கு விரற்கடை கீழே, நிறம் மாறாத இடத்தில் வெட்ட வேண்டும். அன்றே வெட்டியிருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும். தாய் வெட்டவில்லை. மகளின் கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டாள், காலையில் கந்தகத்தூள் பூசினாள், கழற்றிய கட்டுத்துணிகளை எரித்தாள். கிளையை வெட்ட மனமில்லாமல் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களை அவள் எத்தனை முறை ஏசியிருக்கிறாள்! இப்போது தினமும் மருந்து பூசும்போது, தான் மகளைக் காப்பாற்றுகிறோமா, அல்லது அந்தக் காலையிலிருந்து தன்னை ஒளித்துக்கொண்டிருக்கிறோமா என்று அவளுக்கே விளங்கவில்லை. மூன்றாம் வாரம் நகங்கள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தன. புள்ளி உள்ளங்கையைத் தாண்டியது.

"ஊருக்கெல்லாம் வெட்டு வெட்டுன்னு சொல்றவளுக்குச் சொந்த வீட்டுல கை வரல பாரு" என்றார் தகப்பன். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

கடைசியில் வெட்டுவதென்று ஆனதும், டாக்டர் கை மரத்துப்போக ஊசி போட்டார். எலும்பு இந்நேரம் பச்சைத் தண்டாகியிருக்கும் என்று தாய் சொன்னது சரியாகவே இருந்தது. தன் கத்தரியை மகளின் மணிக்கட்டுக்கு மேலே வைத்தபோதுதான் அவளுக்கு வாய் வந்தது.

"அன்னைக்கு நான் இதைத் துடைக்கலடி."

"தெரியும்மா. நகத்துல ரோஜா வாசனை அடிச்சுதே. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரங்க என்ன சென்ட்னு கேட்டாங்க." மகள் கத்தரியையே பார்த்தாள். "இன்னைக்காவது துடைச்சியா?"

"மூணு தடவை."

"அப்ப வெட்டு."

வெட்டு சாய்வாக, தண்ணீர் தங்காதபடி விழுந்தது. கையை அவர்கள் புதைக்கவில்லை. நோய்ச் சருகை எரிப்பதுபோல் கொல்லையில் எரித்தார்கள். தாய் சாம்பலையும் எருக்குழியில் சேரவிடவில்லை.

ஏழு மாதம் அந்த இடம் காய்ந்து கிடந்தது. முதல் மழைக்குப் பிறகு வெட்டுக்குக் கீழே இரண்டு துளிர்கள் எழும்பின. ஆறு வாரத்தில் அவற்றில் நகம் வந்தது. இரண்டு துளிர் வந்தால் நலிந்ததைக் கிள்ளிவிடுவதுதான் முறை. தாய் துடைத்த கத்தரியோடு ஒரு முற்பகல் முழுக்க மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைப் பரணில் போட்டாள். அதற்குப் பின் கத்தரியே பிடிக்கவில்லை. இலையைப் பார்த்துச் சொல்வதோடு சரி.

இப்போது மகளுக்கு இடப்பக்கம் சின்னதாக இரண்டு கைகள். அலுவலகத்தில் இரண்டும் சேர்ந்து டைப் அடிக்கின்றன. மழைக்காலத்தில் அவற்றுக்கு மட்டும் தனிக் குடை. தையல்காரர் அளவெடுக்கும்போது தலை நிமிராமலே, "லெஃப்ட்ல பட்டன் ஒண்ணு கூட வேணும், வாங்கிட்டு வந்துடுங்க" என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. மகளின் தலையைக் கோதுமுன் தாய் தன் பத்து விரல்களையும் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்கிறாள். அது காயும்வரை மகள் தலை குனிந்து காத்திருக்கிறாள்.