தயிர் வாங்கப் போனவரின் தூரம்

என் வீட்டுக்காரர் தயிர் வாங்கப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கடை தெருமுனையில்தான். தெரு அன்றிலிருந்து நீண்டுகொண்டே போகிறது, அவரும் நடந்துகொண்டே இருக்கிறார். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, கண்ணுகளா.

போன மாதம் எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் வழிகாட்டும் கண்ணாடி கொடுத்தார்கள். போட்டுக்கொண்டால் எதிரே நிற்பவரின் தலைக்கு மேல் பெயர், வயது, தூரம் எல்லாம் பச்சை எழுத்தில் மிதக்கும். தேடுகிறவரின் பெயரை வாயால் சொன்னால் அம்புக்குறி வழி காட்டும். எழுதிக் கொடுத்தால் ஏற்காது.

நான் அவர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி சொல்கிற வழக்கமில்லை. ஆனால் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதனால் வீட்டில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே கூப்பிட்டேன்.

"ஏங்க."

பதினேழு அம்புகள் வந்தன.

முதல் அம்பு எதிர்வீட்டு மரகதத்தின் புருஷனிடம் போய் நின்றது. அவர் பாதி சவரத்தோடு வெளியே வந்தார்.

"என்னம்மா, கூப்பிட்டியா?"

"உங்களை இல்லண்ணே."

"அம்பு என்னையத்தான காட்டுது?"

சொல்லிவிட்டு என் பின்னால் நடந்தார்.

மத்தியானத்துக்குள் பதினேழு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லாரும் வீட்டில் பெயர் இல்லாதவர்கள். ஒருவர் கையில் உரித்த வெங்காயம். அவர்களைக் கூட்டிக்கொண்டு கண்ணாடி அலுவலகத்துக்குப் போனேன்.

நடைகூடம் அன்றைக்குச் சற்று நீளம். நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி நடந்தோம்.

கடைசியில் ஒரு மேசை. அலுவலரின் தலைக்கு மேல், "எழிற்செல்வி, 31, பசியில் இருக்கிறார், இரண்டு மீட்டர்" என்று இருந்தது.

"இவங்கள்லாம் யாரும்மா?"

"தப்பா வந்தவங்க."

"திருப்பி எடுத்துக்க மாட்டோம். உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க, சரியாயிடும்."

"குறிப்பு தரேன்மா" என்றேன். "திருத்தணியில முருகன் எது மேல இருக்காரு?"

"மலை மேல."

"அந்த மலையோட பேருதான்."

ஒரு மலை சன்னலுக்கு வெளியே வந்து நின்றது. அதன் உச்சியில், "காத்திருக்கிறது" என்று எழுத்து ஓடியது.

"வாயால சொல்லணும்" என்றாள் எழிற்செல்வி.

"பேரைச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்பாங்க."

அவள் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "தயிர் வாங்கப் போனவங்களுக்கு ஆயுசு எப்படி ஓடுதுன்னு இதுல கேக்கவே இல்லம்மா."

"சொல்லிரும்மா" என்றார் மரகதத்தின் புருஷன். "மீதி மூஞ்சிய நான் சவரம் பண்ணணும்."

சொன்னேன். உங்களிடம் சொல்ல மாட்டேன். புதுச் செருப்பு காலைக் கடிப்பது போல் அந்தப் பெயர் என் நாக்கைக் கடித்தது. பதினேழு பேரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். மலை கிளம்பிப் போனது.

ஒரே ஓர் அம்பு மிஞ்சியது. அது வாசல் வழியாக எங்கள் தெருவுக்குள் போனது. நானும் போனேன்.

ஆறு மீட்டர்.

முதுகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை. இடது தோள் ஒரு விரல்கடை இறக்கம். வேகமாக நடந்தேன். ஆறு மீட்டர். ஓடினேன். ஆறு மீட்டர்.

கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் துக்கத்துக்கும் இப்படித்தான் போவோம். அவர் முன்னால், நான் பின்னால். நான் எட்டிப் பிடிக்க எட்டிப் பிடிக்க அவரும் நடையைக் கூட்டுவார்.

"அவரை நிறுத்தவா?" என்று கண்ணாடி கேட்டது.

"வேண்டாம். வழியில நிக்கறது அவருக்குப் பிடிக்காது."

ஓடுவதை விட்டேன். மூச்சு வாங்கியது. என் வயதுக்குத் தகுந்தபடி மெதுவாக நடந்தேன். ஏழு. எட்டு. ஒன்பது. என் செருப்புச் சத்தம் அவர் காதுக்குக் கேட்காத தூரம்.

அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் லேசாக அசைந்தது. நான் நடையைக் கூட்டவில்லை.

ஒன்பது.

எட்டு.

ஏழு.

ஆறு.

ஐந்து.