அரைமணியில் எண்பது சட்டை

துவைத்துக் காய்ந்த இரண்டு சட்டைகளை அண்ணன் மேசைமேல் விட்டெறிந்தபோதே சின்னவளுக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்குத் தன் தலைதான் உருளப்போகிறது என்று. கருநீலச் சட்டை. மார்பில் வெள்ளை மையில் ஒரு கைப்பந்துக் குழுவின் பெயர். ஒரே சலவையில் எழுத்தெல்லாம் பாளம் பாளமாக வெடித்து, பாதிக்கு மேல் உரிந்துபோயிருந்தது.

"மை வேகவே இல்ல," என்றான் அண்ணன். "பெல்ட்ல நின்னது யாரு? நீதானே?"

நாற்பது வயதாகியும் கடையில் அவள் பெயர் சின்னவள்தான். கடை அண்ணனுடையது. ஆனால் அச்சடித்த சட்டைகளை வேகவைக்கும் டிரையரை, அந்த நீளமான சூட்டுப் பெட்டியை, ஒன்பது வருடமாகக் கட்டி மேய்ப்பவள் அவள். இந்த முனையில் பெல்ட்டின்மேல் சட்டையைப் பரப்பினால் அது ஊர்ந்து உள்ளே போகும், சூட்டில் மை வெந்து இறுகும், அந்த முனையில் வெளியே வரும். பெல்ட் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்பது அவள் கைக்குத்தான் தெரியும். கடையில் அவளுக்கென்று இருந்த மரியாதையும் அந்த ஒன்றில்தான் இருந்தது.

"கைப்பந்து மாஸ்டர் நேத்தே போன்ல கிழி கிழின்னு கிழிச்சிட்டாரு," அண்ணன் நிறுத்தவில்லை. "'அந்தப் பொம்பளைக்குப் பொறுப்பே கிடையாது, இனிமே மெஷின் பக்கம் விடாதீங்க'ன்னாரு. நானும் சரின்னுட்டேன். இன்னையிலருந்து நீ மடிக்கிற மேசைக்குப் போயிடு."

"நேத்தேவா? என்னை ஒரு வார்த்தை கேக்காம எம்மேல பழியப் போட்டுட்டியாண்ணே?"

"வேற யார் மேல போடச் சொல்ற?"

அச்சு மேசையில் நின்ற அச்சுக்காரர், மை தேய்க்கிற சட்டத்தைத் துடைக்கிற சாக்கில் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார். அவருக்கு மௌனசாமி என்று பட்டம். சும்மா வரவில்லை அது. கூரை தீப்பிடித்தாலும் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிற ஆள்.

இருநூற்று நாற்பது சட்டையும் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்து சுவரோரம் கிடந்தது. மறுநாள் போட்டி. பதினொரு மணிக்கு மாஸ்டர் வருவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் வெளியே போய்விட்டான். சின்னவள் மடிக்கிற மேசைக்குப் போகவில்லை. டிரையரைப் போட்டாள்.

முதலில் சூட்டையே சந்தேகப்பட்டாள். பெட்டியின் முகப்பில் தெரிகிற எண்ணை அவள் என்றைக்கும் நம்பியதில்லை. அது பெட்டிக்குள் காற்று எவ்வளவு சுடுகிறது என்று சொல்லும், துணிமேல் உள்ள மைக்கு எவ்வளவு சூடு ஏறியது என்று சொல்லாது. சூடு பட்டால் கறுக்கிற ஒட்டுச்சீட்டை ஒரு கழிவுச் சட்டையில் ஒட்டி, தன் வழக்கமான வேகத்தில் அனுப்பினாள். வெளியே வந்தபோது மை வேகத் தேவையான நூற்று அறுபது டிகிரிக்கான கட்டம் கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. டிரையர்மேல் குற்றமில்லை. மை டப்பாவைத் திறந்து பார்த்தாள். அதே டப்பா மையில் அடித்த வேறு சட்டைகளைக் கடையிலேயே நான்கு முறை துவைத்தும் எழுத்து கல் மாதிரி இருக்கிறது. அப்படியானால் என்னதான் நடந்தது?

பெட்டிகளைப் பிரித்தாள். எழுத்தின் இரு பக்கமும் கட்டைவிரலை வைத்துத் துணியை இழுத்தால் தெரிந்துவிடும். வெந்த மை துணியோடு நீண்டு, விட்டதும் பழையபடி சுருங்கும். வேகாதது மேலுக்குக் காய்ந்து சமர்த்துப் பிள்ளை மாதிரி இருக்கும், இழுத்தால் படாரென்று வெடித்து உள்ளே நீலம் பல்லைக் காட்டும். எஸ் சட்டைகள் நாற்பதும் நீண்டன. எம் எண்பதும் நீண்டன. எல் பெட்டியில் முதல் சட்டையே வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. அடியிலிருந்து ஒன்றை உருவி இழுத்தாள், அதுவும். எக்ஸ்எல் பெட்டிக்குப் போனபோது மறுபடி எல்லாம் நன்றாக இருந்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இந்தக் கடையில் சின்ன அளவில் தொடங்கிப் பெரிய அளவில் முடிப்பதுதான் வழக்கம். காலையில் எஸ், பிறகு எம், சாயங்காலம் எக்ஸ்எல். எல் அடித்தது நடு மத்தியானம். அவள் சாப்பிடப் போன அரைமணி. சாப்பிட்டு வந்தபோது அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது: "பாத்தியா, நீ வர்றதுக்குள்ள எல் மொத்தத்தையும் முடிச்சிட்டோம். அரைமணியில எண்பது!"

எண்பது! அவள் வேகத்தில் அந்தப் பெல்ட்டில் அரைமணியில் ஐம்பது சட்டைக்கு மேல் போகவே போகாது, தலைகீழாக நின்றாலும் போகாது. மௌனசாமி அடித்துத் தள்ள, ஈரச் சட்டைகள் தேங்க, அண்ணன் பெல்ட்டின் வேகக் குமிழைத் திருகிவிட்டிருக்கிறான். விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று பெட்டியில் போட்டிருக்கிறான். அவள் வருவதற்குள் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தும் விட்டிருக்கிறான். தெரியாமல் செய்தவன் பழைய இடத்துக்கு ஏன் திருப்ப வேண்டும்? வெடித்த மூன்று சட்டைகளையும் மேசைமேல் வரிசையாக விரித்து வைத்தாள்.

பத்தரைக்கு அண்ணன் திரும்பினான். அவள் பெட்டியிலிருந்து இன்னோர் எல் சட்டையை எடுத்து அவன் மூக்குக்கு நேராகப் பிடித்து இழுத்தாள். வெடித்தது. ஓர் எம் சட்டையை இழுத்தாள். நீண்டது.

"அரைமணியில எண்பது," என்றாள்.

அண்ணன் முகம் செத்துப்போனது. ஒரு நிமிடம்தான். உடனே குரலை இறக்கினான்.

"சரி விடு. வீட்டுக்குள்ள என்ன பஞ்சாயத்து? துவைக்காத சட்டைய மறுபடி ஒரு தடவ ஓட்டினா வெந்துடும்னு நீயே சொல்லுவியே. துவைச்சது ரெண்டு, நீ இழுத்தது நாலு, ஆறு போனா போவுது, புதுசா அடிச்சுக்கலாம். மாஸ்டர் வர்றதுக்குள்ள மிச்சம் எழுபத்திநாலையும் ஓட்ட ஆரம்பிச்சிடு. அவருகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சொல்லலன்னா, நான் பண்ணின தப்பை நானே சரி பண்ணின மாதிரி ஆயிடும்."

"அதுல உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"மடிக்கிற மேசைக்குப் போகச் சொன்னியே, அது குறைஞ்சுபோச்சு. அவரு வரட்டும். அவரு முன்னால சொல்லு. அப்புறம் ஓட்டுறேன்."

மாஸ்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. வந்ததும் வராததுமாக அவளைத்தான் முறைத்தார்.

"என்னங்க, இதுதானா அந்த அம்மா?"

"ஆமா மாஸ்டர், தங்கச்சி ஏதோ கவனிக்காம…" என்று இழுத்தான் அண்ணன்.

கண்ணுக்கு முன்னால், கொஞ்சமும் கூசாமல்! சின்னவள் அச்சு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"எல் அடிக்கிறப்ப பெல்ட்ல யாரு நின்னது? நீங்க சொல்லுங்க. வாயத் திறந்து சொல்லுங்க. இல்ல, நாளைக்கு உங்க மேல பழி வந்தா நானும் இப்படித்தான் சட்டம் துடைச்சுக்கிட்டு நிப்பேன்."

மௌனசாமி துணியைக் கீழே வைத்தார். அண்ணனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"முதலாளிதான் நின்னாரு," என்றார்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். "ஆமா மாஸ்டர். நீங்க அவசரப்படுத்துனீங்கன்னு நான்தான் கொஞ்சம் வேகமா ஓட்டிட்டேன்."

மாஸ்டர் முகத்தில் இருந்த கடுப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாய் நிறையச் சிரித்தார்.

"அட, நீங்களா! விடுங்க சார். வேலைன்னா இப்படி ஒண்ணு ரெண்டு ஆகத்தான் செய்யும். நானும்தான் சீக்கிரம் சீக்கிரம்னு உங்க உயிரை எடுத்தேன்."

அண்ணனும் சிரித்தான். அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். எல்லாம் முடிந்துவிட்டது. "நீ வந்து பெல்ட்டப் பாரும்மா," என்றான் அவளிடம், பெரிய மனது பண்ணி.

உண்மை வெளியே வந்தால் மனசு ஆறிவிடும் என்றுதான் அவள் இவ்வளவு நேரம் நினைத்திருந்தாள். ஆறவில்லை. காலையில் வந்தது கோபமே இல்லை, இதுதான் கோபம் என்று பட்டது.

"மாஸ்டர், அது நான்னு நெனச்சப்ப பொறுப்பே கிடையாதுன்னீங்க. மெஷின் பக்கம் விடாதீங்கன்னீங்க. அண்ணன்னு தெரிஞ்சதும் ஆகத்தான் செய்யுமா?"

"இல்லம்மா, அது ஒரு கோவத்துல…"

"அந்தக் கோவம் இப்ப எங்க?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"சட்டை சாயங்காலம் வேணும்மா," என்றார் மாஸ்டர், குரல் இறங்கி.

"தெரியும். எனக்கு முதல்ல நீங்க பதில் சொல்லுங்க."

எழுபத்துநான்கு சட்டைகளும் பெட்டியில் இருந்தன. டிரையர் சூடாகத்தான் இருந்தது. பெல்ட் அவள் வேகத்தில் காலியாக ஓடிக்கொண்டிருக்க, அவள் கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றாள்.