நாச்சி காட்டிக்கொடுத்த இடம்

மும்பை செம்பூரில் வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் ஆஸியா கதை எழுதிக்கொண்டிருந்தாள். ஆடுபவர்தான் கதையின் வீரன். போரில் காயம்பட்ட அவன் காட்டையும் கோட்டையையும் கடந்து ஊர் திரும்ப வேண்டும். வழியெல்லாம் துணைக்கு வருபவள் படகுக்காரி நாச்சி. அவள் பேச்சு முழுவதையும் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியவள் ஆஸியாதான்.

ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் ஆடிப் பார்த்தவள் தாராவி வீட்டில் தங்கை பரீஹா. லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து கால்கள் போனபின் அவள் வெளியே போவதேயில்லை. காய்ச்சலில் கிடக்கும் வீரனை நாச்சி முதுகில் சுமந்து காட்டைக் கடக்கும் இடத்தை மட்டும் பத்துத் தடவையாவது ஆடியிருப்பாள்.

வெளியீட்டுக்கு மூன்று மாதம் இருக்கையில் முதலாளி பத்ரிநாராயணன் ஆஸியாவைக் கூப்பிட்டார்.

"கதை நன்னாத்தான் இருக்கு. ஆனா ஒரு ட்விஸ்ட் கூட இல்லையே! கடைசியில கோட்டைக்குப் போனதும், நாச்சிதான் எதிரியோட ஆள்னு வெச்சுடு."

"அவ அப்படிப்பட்டவ இல்லையே சார். திடீர்னு மாத்தினா அது ட்விஸ்ட் இல்ல, ஏமாத்து."

"அப்போ ஆரம்பத்துலேர்ந்தே மாத்து. அங்கங்கே க்ளூ வை. பப்ளிஷர் பிடிவாதமா கேக்கறா, நான் என்ன பண்ணட்டும்?"

மறுத்தால் வேறு யாராவது எழுதுவார்கள். நாச்சியை இன்னும் கேவலமாக்குவார்கள். அப்படிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டு ஆஸியாவே எழுதினாள். நாச்சி அன்பாகச் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் ஒரு சந்தேகத்தைச் செருகினாள். நன்றாகவே வந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கேம் வெளியானது. தூக்கிவாரிப்போட்டது என்று பாராட்டினார்கள். இரண்டாம் முறை ஆடினால்தான் கதையின் அருமை தெரிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பரீஹா கடைசிவரை ஆடினாள். மறுநாள் முதலிலிருந்து தொடங்கினாள்.

"கோட்டைக்குப் போவ மாட்டேன், லாத்தா. அதுக்கு முந்தியே நிறுத்திக்கிடுவேன். அதுவரைக்கும் அவ நல்லவதானே?"

ஆஸியா பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் காடு வந்தது. நாச்சி வீரனை முதுகில் ஏற்றினாள்.

"செத்துடாதே. உன்னை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லியிருக்கு."

முன்பு அது 'சேர்ப்பேன்' என்றிருந்தது.

பரீஹாவின் விரல்கள் நின்றன. "இங்கயுமா, லாத்தா?"

"ஆமா."

"பழையபடி மாத்தி வையேன்."

"முடியாதுடி. அது இப்போ கம்பெனியோடது."

பரீஹா கேம் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.