முட்டிவலிக்காரருக்குக் கொண்டுபோன சோறு

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வாரம், மலாக்கா காஜா பெராங்கில் முடிவெட்டும் தியாகு எனக்குச் சவரம் செய்துகொண்டே சொன்னது. வாயைச் சுற்றி சோப்பு. குறுக்குக் கேள்வி கேட்க முடியவில்லை. எங்காவது நம்ப முடியாமல் போனால் பழி அந்தச் சோப்பின் மேல்.

முதல் வரி: '1952, போகிப் பண்டிகை. வானம் அன்று...' வேண்டாம். வானத்துக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

2.

கம்போங் செட்டிக்காரர் சங்கரன்; பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர் வம்சம். போகியன்று, செத்துப்போன மூத்தவர்களுக்கு வீட்டில் இலை போட்டுப் படைப்பது அங்கே வழக்கம். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். சங்கரனுக்கு ஒரே கவலை: அப்பாவுக்கு முட்டிவலி. புதைத்ததோ புக்கிட் ரம்பாய் பக்கம், ரப்பர் காட்டோரம்.

"செத்து ஆறு வருசமாச்சு. இன்னுமா வலிக்கும்?" என்றாள் மனைவி பாக்கியம்.

"உயிரோட இருக்கும்போதே கோயிலுக்கு நடக்காத மனுசன். இப்ப மட்டும் இவ்ளோ தூரம் நடந்துருவாரா?"

(செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் நான் ஊற்றியது.)

தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், இறால் சம்பால். தூக்குச்சட்டி நிறைய. சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

3.

அது மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கை போகக் கூடாதென்று, சோற்றோடு சோதனைச்சாவடியைத் தாண்டுவதே குற்றம். சங்கரனுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் உயிரோடிருப்பவர்கள் சாப்பிடும் சோற்றுக்குத்தான் என்று நினைத்துவிட்டார்.

சாவடியில் பிடிபட்டார். கோர்ட்டில் கேட்டார்கள்:

"யாருக்குச் சோறு?"

"அப்பாவுக்கு, துவான்."

"எங்கே அவர்?"

"ரப்பர் காட்டோரம் படுத்திருக்கார், துவான். செத்துட்டார்."

"செத்தவர் சாப்பிடுவாரா?"

"வருசா வருசம்."

"ஒருவருக்கு இவ்வளவா?"

இங்கே சங்கரன் சும்மா இருந்திருக்கலாம். எழுதுகிறவன் நான்தானே, அவர் வாயைப் பொத்திப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"அங்க அவருக்குக் கூட்டாளிங்க நிறைய, துவான்."

4.

தண்டனையில்தான் எனக்கும் தியாகுவுக்கும் தகராறு. ஐந்து வாரம் என்று எழுதிக் காட்டினேன்.

"அஞ்சு வருசம்ணே! ஏன் குறைக்கிறீங்க?"

"யாரும் நம்பமாட்டாங்கப்பா."

"அத ஜட்ஜுகிட்ட போய்ச் சொல்லுங்கலா!"

ஒரு தூக்குச்சட்டிக்கு ஐந்து வருடம். அதே காலையில், அதே கோர்ட்டில், அடுத்தவன் பல்லை உடைத்தவன் அபராதம் கட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனான். புளுகிப் பழகிய எனக்கே இதைவிடப் பெரிதாக ஒன்று கிடைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

5.

முடிவு ஒன்று: அப்பாவே கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்கிறார். (முட்டிவலி. வரியை அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: சுதந்திரம் வருகிறது, சிறைக்கதவு திறக்கிறது, சங்கரன்... அதற்கு எட்டு மாதம் முன்பே, சில வாரத் தள்ளுபடி போக, தண்டனையை முழுசாக முடித்துவிட்டாரே.

வெளியே வந்த மறுவாரம் போகி. பாக்கியம் அதே தூக்குச்சட்டியை நீட்டினாள்.

"வருசா வருசம் இங்க இலை போட்டேன். மாமா வரவேயில்ல. அஞ்சு வருசப் பட்டினி. போங்க."

மலாக்காவில் அந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் எப்போதோ எடுத்தாயிற்று. சாவடி இருந்த இடத்தில் புல். ஒரு மாடு. சங்கரன் சைக்கிளை விட்டு இறங்கினார். சட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

சோதனை முடிந்தது, போகலாம் என்று யாராவது சொன்னால்தான் நகர்வார். நான் சொல்லிப் பார்த்தேன். என் பேச்சை அவர் கேட்கிற லட்சணம்தான் கோர்ட்டிலேயே தெரிந்ததே.

சோறு ஆறுகிறது. நீங்கள் சொல்லுங்கள்.