சிவப்பிரகாசம் அறுத்த கோழி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கோழியின் கதை சொல்கிறேன். பயப்படாதீர்கள், இதில் யாரும் சாகமாட்டார்கள், ஒரு சேவலைத் தவிர.

கிருமாம்பாக்கத்தில் கரும்பு போடும் சிவப்பிரகாசத்துக்கு ஒரே மகள், அனுப்பிரியா. தவளக்குப்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரேமைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதிப் பையன். அப்பா கல்யாணத்துக்கும் போகவில்லை, அதன் பிறகு அவள் முகத்தில் விழிக்கவும் இல்லை. அம்மா அம்மணி அழுது, பட்டினி கிடந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மட்டும் சம்மதம் வாங்கினாள்.

“ஒரு வேள சோறு. கூட உக்காந்து சாப்புடறேன்,” என்றார் அவர். “என் மனசு ஒப்பலன்னா அதோட சரி. அப்பறம் ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வரக்கூடாது.”

ஞாயிறன்று பிரேமும் அனுப்பிரியாவும் ஸ்கூட்டரில் ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார்கள்.

“இன்னாடி இது, டிவியா?” என்றாள் அம்மணி.

“ஓவன்மா. கோழிய முழுசா சுடப்போறேன்.”

“ஏண்டி, கொழம்பு வச்சா எறங்காதா?”

“கொழம்புன்னா நீ கரண்டியில அள்ளிப் போட்டுடுவ. முழுசா இருந்தா பெரியவங்கதான அறுத்துப் போடணும்? அப்பா கையால இவருக்குப் போடட்டும்மா.”

“மாட்டேன்னு எழுந்து போய்ட்டாருன்னா?”

மகள் இஞ்சி பூண்டை நசுக்க ஆரம்பித்தாள்.

பிராய்லர் வாங்கி வைக்கத்தான் அவள் போனில் சொல்லியிருந்தாள். அம்மணிக்கு மனசு வரவில்லை. முதல் முறையாக வீட்டுக்கு வரும் மருமகனுக்குக் கடைக்கோழியா? தான் வளர்த்த சேவலையே அடித்து, மஞ்சள் பூசி, தணலில் வாட்டி வைத்திருந்தாள். மகளோ பிராய்லருக்குப் பழகிய கை. அதே கணக்கில் தயிரும் மிளகும் தடவி ஓவனுக்குள் வைத்து நேரத்தைத் திருகிவிட்டாள். போதாக்குறைக்கு அது கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரம். சுற்றுப்பட்ட மோட்டாரெல்லாம் ஓடி மின்சாரத்தை இழுத்துக்கொள்ள, ஓவனுக்குள் விளக்கு மங்கி மங்கி எரிந்தது.

வயலிலிருந்து வந்த சிவப்பிரகாசம் கால் கழுவிக்கொண்டு நேரே இலைக்கு முன் உட்கார்ந்தார்.

“ஆச்சா?”

அந்தக் குரலுக்குப் பயந்து அனுப்பிரியா கோழியை வெளியே எடுத்தாள். தோல் நன்றாகச் சிவந்திருந்தது. வாசனையும் தூக்கியது. வெந்துவிட்டது என்றே நம்பினாள்.

பிரேம் நின்றுகொண்டே இருந்தான்.

“உக்காரச் சொல்லு,” என்றார் அவர், மனைவியைப் பார்த்து.

எதிரில் உட்கார்ந்தான். தட்டையும் கத்தியையும் அப்பா முன்னால் வைத்துவிட்டு அனுப்பிரியா பின்வாங்கினாள். அவர் கோழியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். எதற்காக முழுசாகச் சுட்டிருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. தாடை இறுகியது.

“ஏங்க…” என்றாள் அம்மணி.

“சும்மா இரு.”

கத்தியை எடுத்தார். மூட்டு லேசில் விடவில்லை. கத்தியைப் போட்டுவிட்டு, கையாலேயே திருகித் தொடையைப் பிய்த்தார். பிரேம் முகத்தைப் பாராமலே அவன் இலையில் போட்டார்.

அனுப்பிரியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு அப்படியே நின்றும் போனது. பிரேம் ஒரு கடி கடித்திருந்தான். கடித்த இடத்தில், எலும்பை ஒட்டி, பச்சை ரத்தம். சிவந்த நீர் சோற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் துப்பவில்லை. மாமனார் போட்டதை எப்படித் துப்புவது? மென்றான். மென்றுகொண்டே இருந்தான். கண்ணில் நீர் கட்டியது. வேகவில்லை என்று சொன்னால் அப்பா கையால் போட்டதைக் குறை சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் இவன் பச்சைக் கறியைத் தின்று தீர்ப்பான். அனுப்பிரியா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

சிவப்பிரகாசம் தலை நிமிர்ந்தார். அசையும் அந்தத் தாடையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிரேம் ஒருவழியாக விழுங்கிவிட்டு, மறுபடியும் தொடையை வாய்க்குக் கொண்டுபோனான்.

அவர் கை சட்டென்று நீண்டது. அவன் கையிலிருந்த தொடையைப் பிடுங்கிக்கொண்டது.

“அப்பா!” அனுப்பிரியா கத்தினாள். “போட்டத எடுக்கறியே! நாங்க போறோம்பா, எழுந்திருங்க நீங்க!”

பிரேம் பாதி எழுந்தான்.

“கத்தாதடி! உள்ள ரத்தம் நிக்குது. துன்னுக்கினே கெடக்கறான், நீ பாத்துக்கினே கெடக்கற. வயிறு இன்னாத்துக்கு ஆவும்?”

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து விறகடுப்புக்கு நடந்தார். மண்சட்டியை ஏற்றி, முதலில் அந்தக் கடித்த தொடையைப் போட்டார். மீதிக் கோழியைப் பிய்த்து அதன்மேல் அடுக்கினார்.

அம்மணி பதறினாள். வாய் வைத்த கறி எச்சில் அல்லவா? பெற்ற பிள்ளை இலையிலிருந்து எடுப்போம், பிறத்தியார் எச்சிலை வீட்டுச் சட்டியில் சேர்ப்போமா?

“ஏங்க, அது அவரு கடிச்சது…”

“எனக்குக் கண்ணு தெரியுது. தண்ணி தெளிச்சி மூடு.”

பிரேம் மெல்ல வந்து அடுப்புக்கு அந்தப் பக்கம் குந்தினான். குனிந்து ஊதினான்.

“ஊதாத, சாம்பல் பறக்குது. வெறக உள்ள தள்ளு.”

தள்ளினான். தீ பற்றியது. சட்டி கொதித்தது. பின்வாசற்படியில் நின்றிருந்த அனுப்பிரியா, பயந்து பயந்து கிட்டே வந்து உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து ஒரு துண்டைக் கரண்டியால் அழுத்திப் பார்த்தார்.

“இன்னும் ஆவல. அடுத்த வாட்டி வர்றசொல்ல ரெண்டு பேரும் காலையிலயே வந்துடுங்க. வூட்டுக்கோழி வேவ நேரம் புடிக்கும்.”

அம்மணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

என் கண்ணுகளா, உங்கள் அடுப்பில் எப்போதும் ஏதாவது வெந்துகொண்டிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் அவர்களுக்கும் ஓர் இலை விழட்டும். உங்கள் குடும்பம் வயிறும் மனசும் குளிர்ந்து, நன்றாக இருக்கட்டும்.